மத்தி மீன் ஓடுமா? ‘ரன்’ என்ற ஒரு சொல்லும் எங்கள் சனிக்கிழமை வகுப்பும்

சனிக்கிழமை டீச்சர் (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன உதவி வேண்டும். சின்னது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலையில் பதினோரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் எல்லாரும் இங்கிலீஷ்தான். பாதிப் பேருக்குப் பாட்டியோடு மட்டும் கொஞ்சம் தமிழ், மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. ஜூன் மாதமாச்சே, நம்ம ஊர் சங்கதிகளை வைத்தே ஒரு படப்பலகை செய்யலாம் என்று சொன்னேன். படம் வரைய வேண்டும், கீழே தமிழில் ஒரு வரி எழுத வேண்டும்.

ஒரு பையன் டால்பின், பறவை, வெள்ளி வெள்ளியாக மீன் எல்லாம் வரைந்து கீழே ‘மத்திகளின் ஓட்டப்பந்தயம்’ என்று எழுதியிருந்தான். சார்டின் ரன்னாம்! (குளிர் மாதத்தில் நம்ம தென்னாப்பிரிக்கக் கரையோரம் மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வருமே, அதற்கு இங்கிலீஷில் அந்தப் பெயர்.) அவன் தங்கை ‘குழாய் ஓடுகிறது’ என்று எழுதினாள். இன்னொருத்தி ‘என் அம்மா கடை ஓடுகிறாள்’. சளி பிடித்திருந்த ஒரு குட்டி ‘என் மூக்கு ஓடுகிறது’.

சிரித்துவிட்டுத் திருத்தப் போனேன். குழாயில் தண்ணீர் வருகிறது. அம்மா கடை நடத்துகிறாள். மூக்கு ஒழுகுகிறது. அப்போது அந்தக் கடைக்காரி மகள் கேட்டாள்: “இங்கிலீஷ்ல எல்லாமே ரன்தானே டீச்சர், தமிழ்ல மட்டும் ஏன் இத்தனை?” பதில் தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டேன்.

பதில் சொல்லுங்கள். அப்படியே சார்டின் ரன்னுக்கும் ஒரு நல்ல தமிழ் கொடுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் பலகையை முடிக்க வேண்டும்.

கோட் எழுதறவன் (ஜோஹன்னஸ்பர்க்)

அக்கா, அந்தப் பொண்ணு தெரியாமல் பெரிய இடத்தில் கை வைத்திருக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருப்பதாக 2011இல் செய்தி வந்தது. அதற்கு முன்பு ‘செட்’ என்ற சொல்தான் ராஜா. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருளுக்கு மேல் இருந்தது. ஒரு சொல்லை விளக்கவே ஏறக்குறைய 60,000 சொற்கள்! இப்போது ‘ரன்’ முந்திவிட்டது.

ஏன் ‘ரன்’ ஜெயித்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. எல்லாம் மெஷின். ரயில், இன்ஜின், தொழிற்சாலை, கடைசியில் கம்ப்யூட்டர். என் வேலையே காலையிலிருந்து ராத்திரி வரை எதையாவது ‘ரன்’ பண்ணுவதுதான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பது இல்லை, தொப்பைதான் மிச்சம்.

இன்னொன்று, மத்தி இல்லை அக்கா, சாளை. திருநெல்வேலிப் பக்கம் வந்து மத்தி என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்தான் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எங்களுக்குச் சூடை. சரி, அந்தச் சண்டை வேண்டாம்.

நான் மருத்துவன், அதனால் உடம்பு பக்கத்தை மட்டும் சொல்லுகிறேன். இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஒரு நோயாளி வந்து ‘ரன்னிங் ஸ்டொமக்’ என்றார். இங்கே வயிற்றுப்போக்குக்கு அதுதான் பேச்சு. கேட்டவுடன் விளங்கியது, ஏனெண்டால் எங்கட ஊரில் ‘வயித்தாலை போகுது’ என்றுதான் சொல்லுவம். இங்கிலீஷில் வயிறு ஓடுகிறது, எங்களுக்கு வயிற்றால் போகிறது. காய்ச்சலுக்கும் ‘ரன்’ போடுவார்கள். நாங்கள் ‘காய்ச்சல் காயுது’ என்போம். நீங்கள் ‘காய்ச்சல் அடிக்குது’ என்பீர்கள். ஒரே காய்ச்சல்தான். ஒருவனுக்கு ஓடுகிறது, ஒருவனுக்குக் காய்கிறது, ஒருவனை அடிக்கிறது.

இரவு ஷிப்ட் (ஃபீனிக்ஸ்)

குளிக்கத் தொட்டியில் தண்ணீர் விடுவதற்கும் ரன்தான் டாக்டர். நாம ‘தண்ணி பிடி’ என்கிறோம். தண்ணியைப் பிடிக்கிற ஒரே சாதி நாமதான் போல.

கிங்ஸ்மீட் கேலரி (டர்பன்)

இத்தனை பேர் பேசியும் கிரிக்கெட்டை ஒருத்தரும் தொடவில்லையே! பந்து பவுண்டரிக்குப் போனால் பேட்ஸ்மேன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். ஒருத்தனும் ஓடவில்லை. கணக்கில் நாலு ‘ரன்’. இலங்கை வானொலி அதையும் ‘நான்கு ஓட்டங்கள்’ என்று சொல்லும். ஓடாத ஓட்டம்!

ஓட வேண்டிய நேரத்தில் ஓடாததும் நடந்தது. 1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன், உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 213. கடைசி ஓவரில் நமக்கு, தென்னாப்பிரிக்காவுக்கு, 9 வேண்டும், ஒரு விக்கெட்தான் கையில். நம்ம டர்பன்காரர் லான்ஸ் குளூஸ்னர் முதல் இரண்டு பந்திலும் நாலு நாலாக அடித்துச் சமன் செய்துவிட்டார். நாலு பந்து பாக்கி, ஒரே ஒரு ரன் போதும். நாலாவது பந்தில் குளூஸ்னர் ஓடி வந்துவிட்டார், எதிர்ப்பக்கம் ஆலன் டொனால்ட் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பேட்டையும் கீழே விட்டுவிட்டு ஓடினார். ரன் அவுட். டை. அதற்கு முந்தின சுற்றான சூப்பர் சிக்ஸ் பட்டியலில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா ஃபைனலுக்குப் போனது.

இதை டைப் பண்ணும்போதே வயிறு எரிகிறது. இதற்கு இங்கிலீஷில் ரன் கிடையாது என்று நினைக்கிறேன்.

கோட் எழுதறவன் (ஜோஹன்னஸ்பர்க்)

அண்ணே, அன்றைக்கு எனக்குப் பத்து வயசு, இந்தியாவில் உட்கார்ந்து உங்கள் டீமுக்காக அழுதேன். விடுங்கள்.

நான் மேலே சொன்ன 645ஐ வைத்து இங்கிலீஷ்தான் வளமான மொழி என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை என்பது எண்ணுகிறவன் கையில் இருக்கிறது. பால் தீர்ந்தால் ‘ரன் அவுட்’. வண்டி நாய்மேல் ஏறினால் ‘ரன் ஓவர்’. கடைத்தெருவில் பழைய சிநேகிதனைத் தற்செயலாகப் பார்த்தால் ‘ரன் இன்டு’. லோட் ஷெடிங்கில் இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கினால் ‘ரன் டவுன்’. இதெல்லாம் அந்த அகராதியில் ரன் என்ற ஒரே கூரைக்குக் கீழே குடியிருக்கிறது.

தமிழில் அப்படி இல்லை. ஓடு ஒரு வீடு, ஓட்டு பக்கத்து வீடு, ஓட்டம் அடுத்த தெரு. தேரோட்டம், நீரோட்டம், வெள்ளோட்டம், முன்னோட்டம், கண்ணோட்டம் எல்லாம் தனித்தனிப் பட்டா வாங்கிக்கொண்டு போய்விட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். அதைப் புரட்டினால் இந்தக் குடும்பம் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் கூட்டி வைத்து எண்ணினால் நம்ம ஓட்டமும் சும்மா இல்லை.

கண்ணோட்டத்தைப் பாருங்கள். இன்றைக்கு அது ‘பார்க்கிற கோணம்’. திருக்குறளில் அந்தப் பெயரில் ஒரு அதிகாரமே இருக்கிறது, 58ஆவது. அங்கே அதற்குப் பொருள் இரக்கம். பழகியவர்மேல் கண் ஓடினால் இரக்கம் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். இதை எந்த ரன்னாலும் சொல்ல முடியாது.

இரவு ஷிப்ட் (ஃபீனிக்ஸ்)

ஆமை ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடு, கூரை ஓடு இதையெல்லாம் சேர்க்கவில்லையே தம்பி? ‘அம்மாவோடு போனேன்’ என்பதில் வருகிற ஓடு?

கோட் எழுதறவன் (ஜோஹன்னஸ்பர்க்)

சேர்க்கக் கூடாது அக்கா. அது வேறு ஆள், பெயர் மட்டும் ஒன்று. நம்ம தெருவில் மூன்று கோவிந்தன் இருந்தால் மூன்று பேரையும் ஒரே ஆள் என்று சொல்வோமா? ரன்னுக்குள் இருக்கும் 645உம் ஒரே கோவிந்தன், போகிற இடத்துக்கு ஏற்ற சட்டை.

சனிக்கிழமை டீச்சர் (டர்பன்)

கோவிந்தன் உதாரணம் வகுப்புக்கு ஆகும், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொண்ணின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அவள் அம்மா ஏன் கடையை ‘ஓட்ட’க் கூடாது, ‘நடத்த’ வேண்டும்?

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டு இருக்கிறேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. (பாருங்கள், இதையும் இங்கிலீஷில் ரன் போட்டுச் சொல்ல முடியாது. கை ஓடுவதாம்!) எனக்குத் தோன்றியது இதுதான். பொறுப்பாகச் செய்கிற எதையும் தமிழ் நடக்க வைக்கிறது. கடை நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், ஆட்சி நடத்துகிறார்கள். நடத்துவது என்றால் நடக்கச் செய்வது. இங்கிலீஷ்காரன் ஓட்டுகிற அத்தனையையும் நாம் கையைப் பிடித்து நடக்க வைக்கிறோம். பிடி விட்டுப் போன பிறகுதான் ஓட்டம் வருகிறது. ‘எப்படியோ வண்டி ஓடுது’, ‘ஏதோ காலத்தை ஓட்டறேன்’. குடும்பம் நடத்துகிறவளுக்கும் குடும்பத்தை ஓட்டுகிறவளுக்கும் உள்ள வித்தியாசத்தை என் மாமியார் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

தேர்தலிலும் அப்படித்தான். அமெரிக்காக்காரன் ஓடுகிறான், நம்ம ஆள் நிற்கிறார். ஓட்டு மட்டும் கேட்பார். அந்த ஓட்டு ‘வோட்’டிலிருந்து வந்தது, நம்ம ஓட்டுக்கு உறவே இல்லை. நாலாவது கோவிந்தன்!

யாழ்ப்பாணத்தான் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

டீச்சர், நடையும் ஓட்டமும் அவ்வளவு தள்ளி இல்லை. ஆஃப்ரிகான்ஸில் ‘லோப்’ என்றால் நடப்பது. ஓடுவதற்கு அவர்கள் சொல்வது ‘ஹார்ட்லோப்’. வேகமான நடைதான் ஓட்டம்! இங்கிலீஷ் ரன்னுக்கு அண்ணன் தம்பி ஜெர்மனில் ‘ரின்னென்’, அதற்குப் பொருள் வழிவது, ஒழுகுவது. அப்படிப் பார்த்தால் உங்கள் குட்டியின் மூக்குதான் அந்தச் சொல்லின் பழைய வீட்டில் இருக்கிறது. கால்கள் பிறகு குடி வந்தவை என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் ஊரில் கொம்ரேட்ஸ் மரதன் வேறு இருக்கிறது. 1921 மே 24இல் தொடங்கினது, முதல் உலகப் போரில் செத்துப்போன தோழர்களின் நினைவாக. முதல் ஓட்டத்தில் 34 பேர் புறப்பட்டு 16 பேர்தான் கடைசி வரை வந்தார்கள். மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். திசையை மாற்றி மாற்றி வைப்பார்கள். கடலில் இருந்து மேலே வந்தால் ‘அப் ரன்’, கடலுக்கு இறங்கினால் ‘டவுன் ரன்’. இதற்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை: ஏற்றம், இறக்கம். ஒருமுறை ஓடி முடித்தேன். பன்னிரண்டு மணி நேரக் கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால். கடைசிப் பத்து கிலோமீட்டர் ஆஃப்ரிகான்ஸ் மாதிரி, பாதி நடை.

மேகசின் பாரக்ஸ் தாத்தா (செட்ஸ்வொர்த்)

பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் இந்த மண்ணில் நாலாவது தலைமுறை. என் தமிழ் பாதி பள்ளிக்கூடம், பாதி ஆயா மடி.

நாங்கள் மேகசின் பாரக்ஸில் இருந்தோம். டர்பன் முனிசிபாலிட்டியில் வேலை செய்த இந்தியர்களுக்கான குடியிருப்பு. தமிழும் தெலுங்கும் கலந்து கிடக்கும். கடற்கரை நடந்து போகும் தூரம்தான். 1960களில் எங்களை எல்லாம் கிளப்பிச் செட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததுதான் நான் சொல்ல வருவது.

குளிர் நாளில் காலையிலேயே யாராவது சத்தம் போட்டுக்கொண்டு வருவான். ஆயா வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னே போவாள். நாங்கள் பின்னால். அலையோடு மீன் கரையில் வந்து விழும். மேலே பறவை கூட்டம் கூட்டமாகக் கொத்திக்கொண்டு இருக்கும். புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு பெண்கள் முந்தானையிலேயே அள்ளுவார்கள். வெள்ளைக்காரன், கறுப்பன், நாம, எல்லாரும் ஒரே தண்ணீரில் நிற்பதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மீன் முடிந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விடுவோம். அன்றைக்கு ராத்திரி வரிசை முழுக்க மீன் வறுக்கிற வாசனை. மிஞ்சினதைப் புளி விட்டுக் குழம்பு வைப்பாள். இரண்டாம் நாள் குழம்புதான் ருசி.

நீங்கள் கேட்டது சார்டின் ரன்னுக்குத் தமிழ். எங்கள் வீட்டில் ரன் என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டம் என்றும் சொல்லவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓடினது என்றால் ஆயாவுக்கு வேறு பொருள். அவள் அப்பா மதராஸிலிருந்து கூலியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அந்த நாளில் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க முதலாளி கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும். பாஸ் இல்லாமல் போனால் குற்றம், ஜெயில். அவர் ஒருதரம் போனார். யாரோ ஒரு சொந்தக்காரர் வேறு தோட்டத்தில் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். பிடித்துக்கொண்டு வந்தார்கள். சர்க்கார் காகிதத்தில் அதற்கு இங்கிலீஷில் பெரிய பெயர் உண்டு, பட்டாளத்தை விட்டு ஓடினவனுக்குப் போடுகிற பெயர். ஆயா “எங்க அப்பா ஓடிப்போனவரு” என்று சொல்லும்போது வெட்கமாகச் சொல்ல மாட்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். இப்போது தமிழ் சினிமாவில் ஓடிப்போனாள் என்றால் காதல். என் பேத்திக்கு ஆயாவின் கதையைச் சொன்னபோது, “யாரோட ஓடினாரு தாத்தா?” என்று கேட்டாள்.

உங்கள் 645இல் இது எந்த நம்பரோ தெரியாது.

மீன் விஷயம். சத்தம் போட்டுக்கொண்டு வருகிற பையன் கத்துவது ஒரே சொல். “வந்தாச்சு!” என்ன வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இரவு ஷிப்ட் (ஃபீனிக்ஸ்)

தாத்தா, எங்க பாட்டியும் வாளிக்காரிதான். அந்தக் குழம்பில் மாங்காய் போடுவார்களா?

மேகசின் பாரக்ஸ் தாத்தா (செட்ஸ்வொர்த்)

கிடைத்தால் போடுவாள். குளிர் நாளில் மாங்காய்க்கு எங்கே போவது? புளிதான்.

கோட் எழுதறவன் (ஜோஹன்னஸ்பர்க்)

தாத்தா சொன்னதற்கு மேல் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. மீனைப் பற்றி மட்டும் ஒன்று. அதுகள் சும்மா குஷியாக ஓடி வருவதில்லை. அவை தெற்கே, கேப் பக்கத்துக் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீன். மே முதல் ஜூலை வரை கரையை ஒட்டி ஒரு குளிர்நீர்ப் பட்டை வடக்கே நீளும், அதைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. வெளிப்பக்கம் அகுல்ஹாஸ் நீரோட்டம், வெதுவெதுப்பு. இரண்டுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு வருவதால்தான் கரைக்குப் பக்கத்தில் அவ்வளவு கூட்டம், சில சமயம் 7 கிலோமீட்டர் நீளம் வரைக்கும். 2021இல் ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் மரபணுவைப் பார்த்துச் சொன்னது இன்னும் பாவம்: இந்த மீன்கள் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீர் வம்சம், இங்கே வருவதால் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. குளிரை நம்பி வந்து வெப்பத்தில் மாட்டிக்கொள்கின்றன. டால்பினும் சுறாவும் கனெட் பறவையும் காத்துக்கொண்டு இருக்கின்றன.

அதனால் ‘ஓட்டப்பந்தயம்’ என்று எழுதின பையன் தப்பு. ‘வலசை’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வலசை போகிற பறவை திரும்பி வந்துவிடும், இது அப்படித் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தான் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

‘மத்தி வரத்து’? சந்தையில் காய்கறி வரத்து என்பது போல.

கிங்ஸ்மீட் கேலரி (டர்பன்)

ஐயோ, அது மார்க்கெட் நிலவரம் மாதிரி இருக்கு டாக்டர்.

சனிக்கிழமை டீச்சர் (டர்பன்)

வகுப்பு முடிந்தது. தாத்தா எழுதினதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். ஓடிப்போனவர் கதை வந்ததும் சத்தமே இல்லை. கடைக்காரி மகள் ஒரு சீட்டில் ‘என் அம்மா கடை நடத்துகிறாள்’ என்றும் அடியில் ‘சில நாள் ஓட்டுகிறாள்’ என்றும் எழுதி ஒட்டிவிட்டாள். போன வருஷம் வியாபாரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், அதனால் திருத்தவில்லை.

மீன் படத்துக்குக் கீழே அந்தப் பையன் ‘ஓட்டப்பந்தயம்’ என்பதை அடித்துவிட்டு, ‘மத்தி வந்தாச்சு’ என்று எழுதினான். ஆச்சரியக்குறி நாலு போட்டான். ஒன்று போதும் என்று சொன்னேன், கேட்கவில்லை.

தாத்தா, ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வர முடியுமா? நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

மேகசின் பாரக்ஸ் தாத்தா (செட்ஸ்வொர்த்)

வருகிறேன் அம்மா. இந்தச் சனிக்கிழமை வேண்டாம். பார்க் ரைனிக் கடற்கரைப் பக்கம் மீன் வலை இறக்கியிருக்கிறார்களாம், குளிக்கிறவர்களைக் காக்கச் சுறாவுக்குப் போட்டிருந்த வலையையும் எடுத்துவிட்டார்களாம். பேத்தி வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறாள். வாளி எங்கே என்று தேடிக்கொண்டு இருக்கிறேன்.